பதினெட்டு மாத எலும்பு

பாலிகார், ரோஸ்காமன்
18 நவம்பர் 1956

அன்புள்ள தம்பி மாலக்கிக்கு,

அக்கா அட்ராக்டா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் நான் நலம். இடது முழங்கால் மட்டும் மழையைக் கண்டால் முணுமுணுக்கிறது. இங்கே மழையைக் காணாத நாள் ஏது. நீயும் லொரெட்டாவும் சௌக்கியமா?

குட்டி பாஸ்டன் வந்து சேர்ந்ததாக நீ அடித்த தந்தி கிடைத்தது. நாலு மாதக் குட்டியைக் கப்பலேற்றுவதில் எனக்குச் சம்மதமில்லை, அது உனக்கும் தெரியும். ஆனால் அப்பா கடைசியாகப் பேசியதே அதுதான். "அடுத்த ஈத்துல மொதல் கடுவன் மாலக்கிக்கு. அவன் அங்க ஒத்தையா கெடக்கான்" என்றார். செத்தவர் சொல்லைத் தட்ட முடியாது, முதல் ஆண் குட்டியையே அனுப்பிவிட்டேன். பெயர் கார்மக். மாற்றாதே.

ஓநாய் வேட்டை நாய் வளர்ப்பதை உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, இந்தக் கொட்டிலில்தான் நீயும் வளர்ந்தாய். ஆனால் பத்து வருடமாக டிராம் ஓட்டுகிறவனுக்கு மறந்திருக்கும். சாப்பாட்டைப் பிரித்துப் பிரித்துக் கொடு. தின்றதும் ஓடவிடாதே, வயிறு முறுக்கிக்கொள்ளும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. பதினெட்டு மாதம் முடியும்வரை கெட்டித் தரையில் நடத்திக் கூட்டிப்போகாதே. புல்லில் தானாக ஓடட்டும், களைத்தால் தானாகப் படுக்கட்டும். எட்டு மாதத்தில் உன் இடுப்பு உயரம் வந்துவிடும். எலும்பு வந்திருக்காது. அப்பா வாங்க வருகிறவர்களிடம் சொல்வாரே, "ஒசரத்தப் பாத்து ஏமாறாத, உள்ள இன்னும் கொழந்த" என்று. நீ நடந்தால் அது நடக்கும். வலித்தாலும் படுக்காது. இந்த ஜாதியின் குற்றம் அது. அதனால் நிறுத்தவேண்டியவன் நீதான்.

லொரெட்டாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அக்கா


பாஸ்டன்
20 டிசம்பர் 1956

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். உன் முழங்காலுக்கு லொரெட்டா ஒரு தைலம் அனுப்புகிறாள். கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

அக்கா, இந்த வீட்டுக்கு உயிர் வந்துவிட்டது. வேலை முடிந்து படியேறும்போதே கதவுக்குப் பின்னால் வால் அடிக்கிற சத்தம் கேட்கிறது. போன வாரம் மேஜையிலிருந்த ஆட்டிறைச்சியை நின்ற இடத்திலிருந்தே எடுத்துக்கொண்டது. எட்டக்கூட வேண்டியிருக்கவில்லை, சும்மா தலையைத் திருப்பியது, அவ்வளவுதான். லொரெட்டா கத்தினாள், அப்புறம் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவளே அழுதாள். இந்த ஊருக்கு வந்து பத்து வருடத்தில் என் வீட்டைத் தேடி இத்தனை பேர் வந்ததில்லை.

நம் மாவட்டச் சங்கத்து ஆட்களெல்லாம் வந்து பார்த்தார்கள். தலைவர் ஜார்லத் சுற்றிச் சுற்றி வந்து, "மாலக்கி, இதுக்குச் சேணம் எங்க வச்சிருக்க?" என்றார். அப்புறம் பெருமூச்சு விட்டார். "ஊர்வலத்துல கெர்ரி மாவட்டத்துக்காரனுக்குப் பைப்பு வாத்தியம் இருக்கு. கால்வேக்காரன் ஆறு குதிரை கொண்டு வரான். நமக்கு என்ன இருக்கு? ஒரு கொடி. அதுவும் போன வருஷ மழையில சாயம் போச்சு."

புல்வெளிப் பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது. நீ சொன்னபடிதான் எல்லாம் நடக்கிறது, கவலைப்படாதே.

உன் தம்பி,
மாலக்கி


பாலிகார்
24 பிப்ரவரி 1957

அன்புள்ள மாலக்கிக்கு,

நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீங்கள் நலமாக இருங்கள்.

குட்டிகளுக்கு வரும் கொள்ளைக் காய்ச்சல் இந்தப் பக்கம் புகுந்துவிட்டது. கார்மக்கோடு பிறந்தவை மூன்றும் ஒரே வாரத்தில் போய்விட்டன. மாட்டு டாக்டர் வந்து நின்று பார்த்தார், அதைத்தான் அவரால் செய்ய முடிந்தது. அது போதாதென்று நேற்றைக்கு முன்தினம் நம் கிழட்டு நாய் ஃபெர்கஸுக்கு வயிறு முறுக்கிக்கொண்டது. கொட்டில் வாசலில் என் காலைப் பார்த்துக்கொண்டே செத்தான். அப்பா பக்கத்திலேயே, கல்லறை வேலிக்கு இந்தப்புறம் புதைத்திருக்கிறேன். பாதிரியாரிடம் சொல்லாதே.

மிச்சம் நெஸ்ஸா ஒருத்திதான். அவள் கார்மக்கின் தாய் போனபிறகு விக்லோவில் வாங்கிய பெட்டை, நம் ரத்தம் இல்லை. நன்றாகக் கேட்டுக்கொள். அப்பா முப்பது வருடம் கட்டிக் காத்த வம்சத்தில் உலகத்திலேயே ஒரு கடுவன்தான் இருக்கிறது. அது உன் வீட்டில் ஆட்டிறைச்சி திருடிக்கொண்டிருக்கிறது.

அடுத்த வருடம் அதை நீ திருப்பி அனுப்பவேண்டும். நெஸ்ஸாவோடு சேர்த்துக் குட்டி எடுத்தபிறகு ஒன்றை உனக்கே தருகிறேன். அவளுக்கும் வயதாகிறது, இன்னும் ஒரு ஈற்று, மிஞ்சினால் இரண்டு. அதுவரை அவனைக் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொள். கெஞ்சிக் கேட்கிறேன். நான் கெஞ்சுகிற ஆளில்லை என்பது உனக்குத் தெரியும்.

அக்கா


பாஸ்டன்
22 ஏப்ரல் 1957

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம். ஃபெர்கஸ் செய்தி கேட்டு மனசே சரியில்லை. என்னை முதுகில் ஏற்றிக்கொண்டு போனவனின் பேரன் அல்லவா.

கார்மக் நலம். நன்றாகத் தின்கிறான். புகைப்படம் ஒன்று வைத்திருக்கிறேன், கணப்பு முன்னால் எடுத்தது.

லொரெட்டா உன்னை விசாரித்தாள். தைலம் கேட்டதா?

மாலக்கி


பாலிகார்
9 ஜூன் 1957

அன்புள்ள மாலக்கிக்கு,

நான் நலம். தைலத்தில் நாற்றம் பலமாக இருக்கிறது, அதற்குப் பயந்தே முழங்கால் சும்மா கிடக்கிறது. லொரெட்டாவுக்கு நன்றி.

புகைப்படத்தில் கார்மக் படுத்திருக்கிறான். கம்பளத்தில் தலை, கம்பளத்தில் கால். முகம் நன்றாக இருக்கிறது, அப்படியே அவன் பாட்டி. ஆனால் வளர்ப்புக்காரிக்கு முகம் எதற்கு? நிற்கவைத்துப் பக்கவாட்டில் ஒன்று எடுத்து அனுப்பு. நான் பார்க்கவேண்டியது கால்.

இன்னொன்று. நீ வருடா வருடம் மார்ச்சில் பேட்ரிக் திருநாள் ஊர்வலத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதுவாய். யார் குடித்தார்கள், யார் விழுந்தார்கள், எந்த மாவட்டத்துக்காரன் எவனை அடித்தான் என்று. இந்த வருடம் ஒரு வரிகூட இல்லையே. உடம்பு சரியில்லாததால் நீ போகவில்லையா?

அக்கா


பாஸ்டன்
30 ஆகஸ்ட் 1957

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே வெயில் கொளுத்துகிறது. நாங்கள் நலம். நீ நலமா?

நிற்கிற படம் எடுக்கலாமென்றால் அவன் கேமராவைப் பார்த்ததும் அசைகிறான். இதோ சோபாவுக்குப் பின்னாலிருந்து எட்டிப்பார்க்கிற படம். லொரெட்டாவுக்கு ரொம்பப் பிடித்தது.

நம் நாய்களைப் பற்றி இங்கே ஒரு பத்திரிகையில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். ரோமாபுரிக்கு ஏழு நாய் அனுப்பினார்களாம், ஊரே வாய் பிளந்து பார்த்ததாம். அரசர்களுக்கு வெள்ளிச் சங்கிலி போட்டுக் கொடுப்பார்களாம். இரண்டாயிரம் வருடமாகக் கலப்பில்லாத ரத்தமாம். படித்ததும் அப்பா நினைவு வந்தது.

அப்புறம் ஒரு யோசனை. கனெக்டிகட்டில் ஒரு பெரிய வளர்ப்பாளர் இருக்கிறார். கோப்பை வாங்கிய கடுவன்கள் வைத்திருக்கிறார். கார்மக்கைக் கப்பலேற்றி அலைக்கழிப்பதற்குப் பதில், அவரிடம் நல்லதாக ஒன்றை வாங்கி உனக்கு அனுப்பினால் என்ன? செலவு என்னுடையது. யோசித்துச் சொல்.

மாலக்கி


பாலிகார்
22 செப்டம்பர் 1957

மாலக்கி,

நீ நலமா என்று இன்றைக்குக் கேட்கப்போவதில்லை.

காலையில் பூசை முடிந்து வெளியே வருகிறேன். சர்ச் வாசலில் பாஸ்டனிலிருந்து லீவில் வந்திருக்கிற பேக்கி, கைநீட்டிக்கொண்டு ஓடி வருகிறான். முகமெல்லாம் பல்.

"அக்கா, ஒங்க நாயப் பாத்தேன். பேட்ரிக் திருநாளுக்கு நம்ம சங்கத்துக்கு அதுதான் முன்னால போச்சு. கெர்ரிக்காரன் மூஞ்சியப் பாக்கணுமே. கழுத்துல பச்சைப் பட்டு, பக்கத்துல மாலக்கி அண்ணன். எனக்கு அழுகையே வந்துருச்சு."

"எவ்வளவு தூரம் நடந்துச்சு பேக்கி?" என்றேன்.

"முழுசும் நடந்துச்சே. மேடு பள்ளம் அத்தனையும். ரோடு பூரா ஐஸ், எங்களுக்கே வழுக்குச்சு. அது ஒரு தடவகூடப் படுக்கலையே. ராஜா மாதிரி நடந்துச்சு."

சுற்றி நின்றவர்களெல்லாம் எனக்குக் கை கொடுத்தார்கள். அத்தனை கையையும் வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று தெரியாது.

எட்டு மாதக் குட்டி, மாலக்கி. எட்டு மாதம். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை. என் கடிதத்தில் அதன் வம்சமே செத்துவிட்டது என்று எழுதியிருந்தேன். அதைப் படித்து, மடித்துப் பையில் போட்டுக்கொண்டுதானே அதன் கழுத்தில் பச்சைப் பட்டு கட்டினாய்? ஜார்லத்தின் கொடிக்குச் சாயம் போனால் உன் நாயின் காலா கிடைத்தது?

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நீ கன்றுக்குட்டி அளவு நாயைச் சோபாவுக்குப் பின்னால் மறைக்கிறாய். கேமராவைப் பார்த்தால் அசைகிறானாம். என்னை யாரென்று நினைத்தாய்?

ரோமாபுரிக் கதையை எனக்கு எழுதுகிறாய். எழுதுகிறேன், நீயும் கேள். ஓநாய் இருந்தவரை இந்த நாய்க்கு வேலை இருந்தது, வேலை இருந்தவரை வளர்த்தார்கள். கடைசி ஓநாயைக் கொன்றதும் இந்த நாட்டில் ஒருவனும் இதற்கு ஒரு வாய் கஞ்சி ஊற்றவில்லை. பிரபுக்களிடம் அழகுக்கு நாலு நின்றது, பஞ்சத்தில் அதுவும் போயிற்று. மிஞ்சிய ஒன்றிரண்டை வைத்து, மான் வேட்டை நாயையும் டேன் நாயையும் சேர்த்து, இங்கிலாந்தில் ஒரு படைத் தலைவர் ஒட்டுப்போட்டு எடுத்ததுதான் இன்றைக்கு உன் வீட்டில் கிடப்பது. கலப்பில்லாத ரத்தமாம். அப்பா இதை ஒருநாளும் மறைத்ததில்லை. "ஒட்டுப்போட்ட துணி, எங்க வேணா கிழியும்" என்றுதான் ஒவ்வொரு ஈற்றையும் கண்விழித்துப் பார்த்தார். ஊர் பார்க்க வளர்த்தவன் எல்லாம் இதைக் கெடுத்தான். நீயும் அந்த வரிசையில் போய் நின்றுகொண்டாய், கையில் கயிற்றோடு.

கால் எப்படி இருக்கிறது? இந்த ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது. கனெக்டிகட் கோப்பையை நீயே வைத்துக்கொள்.

அட்ராக்டா


பாஸ்டன்
14 அக்டோபர் 1957

அக்காவுக்கு,

நீ திட்டியது எதுவும் அதிகமில்லை.

ஒரு தெருவரைதான் என்று நினைத்தேன். சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தேன். முதல் தெரு முடிவில் ஜார்லத் "இப்ப நிறுத்தினா மானம் போகும்டா, பாலம் வரைக்கும் வா" என்றார். பாலத்தில் ஜனம் கைதட்டியது. பெயர் தெரியாத கிழவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். பத்து வருடமாக நான் ஓட்டுகிற டிராமில் ஏறி இறங்குகிறவர்கள், ஒருவரும் என் முகத்தைப் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தார்கள். கார்மக் என்னை இரண்டு தடவை நிமிர்ந்து பார்த்தான். நான் நடந்தேன். அதனால் அவனும் நடந்தான்.

மறுநாள் முன்னங்கால்கள் இரண்டும் வீங்கின. எலும்பு வளர்கிற இடத்தில் அடிபட்டுவிட்டது என்றார் மிருக டாக்டர். இப்போது இரண்டும் வெளிப்பக்கம் வளைந்திருக்கின்றன. இடது காலைத் தரையில் ஊன்றுவதே இல்லை. நான் படியேறினால் இன்னமும் எழுந்துவரப் பார்க்கிறான், அதைத்தான் தாங்க முடியவில்லை.

உனக்கு எழுத எத்தனையோ தடவை உட்கார்ந்தேன். வளைந்த காலோடு பிறந்த குட்டியை அப்பா ஒருநாளும் வைத்துக்கொண்டதில்லை, வாளித் தண்ணீரில் முக்கி முடித்துவிடுவார். நானும் பார்த்திருக்கிறேன். இவன் இனி உனக்கு உதவமாட்டான். ஊசி போட்டுவிடலாம் என்கிறார் டாக்டர். அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமைக்குச் சொல்லியிருக்கிறேன். உனக்குத் தெரியாமல் செய்யக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

மாலக்கி


தந்தி
ரோஸ்காமன், 21 அக்டோபர் 1957

பிறவி வளைவுதான் ரத்தத்தில் வரும். நீ வளைத்தது வராது. நொண்டியே போதும். நாயை அனுப்பு. ஊசி போட்டால் எனக்குத் தம்பி இல்லை.
அட்ராக்டா


பாஸ்டன்
12 நவம்பர் 1957

அக்காவுக்கு,

இன்று கப்பலேற்றிவிட்டேன். டாக்டரிடம் போகவில்லை. கப்பல் படியில் அவனால் ஏற முடியவில்லை, நானே தூக்கிக்கொண்டு போனேன். பாதி வழியில் என் காதை நக்கினான்.

டப்ளினில் நோய்க்குப் பயந்து ஆறு மாதம் தனிக்கொட்டிலில் வைப்பார்கள் என்று தெரியும். பழக்கமான வாசனை இருக்கட்டும் என்று என் வேலைக் கோட்டைக் கூண்டுக்குள் போட்டிருக்கிறேன்.

நீ தந்தியில் சொன்னது எனக்கே தோன்றியிருக்கவேண்டும். அப்பாவிடம் நானும்தானே பாடம் கேட்டேன். வெட்கத்தில் மூளை வேலை செய்யவில்லை.

லொரெட்டா என்னோடு பேசுவதில்லை. நீ நலமா?

மாலக்கி


பாலிகார்
26 அக்டோபர் 1958

மாலக்கி,

நான் நலம். லொரெட்டா நலமா? அவளைத்தான் கேட்கிறேன்.

உன் நாலு கடிதமும் வந்தன. பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் பேனா முனை உடைந்திருக்கும்.

டப்ளினில் கம்பிக்கு வெளியே நின்று அவனை முதல் தடவை பார்த்தபோது, உன்னை எந்தெந்த வார்த்தை சொல்லித் திட்டினேன் என்று கொட்டில்காரரைக் கேள். மரியாதைக்காரர், தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார். வீட்டுக்குக் கொண்டுவந்தபிறகு உன் கோட்டை எரிக்கத்தான் எடுத்தேன். அவன் அதன்மேல் ஏறிப் படுத்துக்கொண்டான். இழுத்துப் பார்த்தேன். உறுமினான், என்னைப் பார்த்து. இந்த ஜாதியில் வளர்த்தவளைப் பார்த்து உறுமிய நாயை நான் கண்டதில்லை. கோட்டு அங்கேயே கிடக்கிறது.

ஆகஸ்டில் நெஸ்ஸா பருவத்துக்கு வந்தாள். நொண்டிக்கு ஏறி நிற்கக் கால் இல்லை, பலகை போட்டு, நானும் மாட்டு டாக்டரும் இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்தோம். ஐம்பதைத் தொடப்போகிற பெண்பிள்ளை செய்கிற வேலையா இது? உன்னால் செய்தேன்.

இந்த மாதம் மூன்றாம் தேதி ஆறு குட்டி போட்டாள். ஒன்று இறந்தே பிறந்தது. மிச்சம் ஐந்து. இரண்டு கடுவன். ஒவ்வொரு காலையும் தடவிப் பார்த்துவிட்டேன். இருபது காலும் நேராக இருக்கின்றன.

இதைக் கேட்டு நீ நிம்மதிப் பெருமூச்சு விடுவாய். விடாதே. கார்மக் இரண்டு வயது நாய், கிழவனைப் போல எழுந்திருக்கிறான். மழை வந்தால் முனகுகிறான். நானும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த நாய்களுக்கு ஆயுசே ஆறேழு வருடம். அதில் ஓடவேண்டிய வருடத்தை நீ ஊர்வலத்தில் ஓட்டிவிட்டாய்.

உனக்குக் குட்டி கிடையாது. இன்னொன்றும் சொல்கிறேன். இன்றிலிருந்து பதினெட்டு மாதம் எனக்குக் கடிதம் எழுதாதே. எழுதினால் பிரிக்காமல் அடுப்பில் போடுவேன். எலும்பு கேட்டது அவ்வளவுதான், பதினெட்டு மாதம். உன்னால் அதைக் கொடுக்க முடியவில்லை. எவ்வளவு நீளம் என்று இருந்து பார்.

அட்ராக்டா


பாலிகார்
19 மார்ச் 1959

மாலக்கி,

காலக்கெடு இன்னும் முடியவில்லை. இது கடிதமும் இல்லை, பதில் எழுதாதே. சொல்வதற்கு வேறு ஆள் இல்லாததால் எழுதுகிறேன்.

பேட்ரிக் திருநாளுக்கு முந்தின வாரம் ஊர்வலக் கமிட்டி ஹியூபர்ட் வந்தான். கார்மக்கின் மகன், சாம்பல் கடுவன் டோனலைப் பார்த்தான். ஐந்து மாதம் ஆகிறது, அதற்குள் மேஜை உயரம்.

"அக்கா, இவன ஒரு நடை விட்டாப் போதும். சர்ச்சுலேருந்து பாலம் வரைக்கும்."

"ஒன் சின்னவனுக்கு என்ன வயசு?"

"மூணு."

"அவன் தலையில ஒரு மூட்ட உருளக்கெழங்க ஏத்தி பாலம் வரைக்கும் நடத்திக் கூட்டிட்டு வா. அப்புறம் என் குட்டியக் கேளு."

அவன் சிரித்தான். அத்தோடு போயிருக்கலாம். "ஒங்க தம்பி பாஸ்டன்ல பண்ணின மடத்தனத்தையா நாங்க பண்ணப்போறோம்?" என்றான்.

எனக்கு அந்த ஆத்திரம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "என் தம்பிய மடையன்னு சொல்ல நீ யாருடா? அதுக்கு நான் ஒருத்தி இருக்கேன். நீ ஒண்ணும் ஒத்தாசைக்கு வரவேண்டாம்" என்று கத்தினேன். கையிலிருந்த வாளித் தண்ணீர் அவன்மேல் போயிற்று. சத்தம் கேட்டுக் கார்மக் மூன்று காலில் எழுந்துவந்து என் பக்கத்தில் நின்றான். ஹியூபர்ட் வேலியைத் தாண்டிக்கொண்டு போனான். கமிட்டிக்காரர்கள் இப்போது என்னைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் நடக்கிறார்கள்.

உனக்காகச் சேர்த்துவைத்திருந்த கோபத்தில் கொஞ்சம் அவனுக்குச் செலவாகிவிட்டது. நிறைய பாக்கி இருக்கிறது, பயப்படாதே.

கெடு முடிந்ததும் எழுதவேண்டாம். நேரில் வா. வந்து அவன் நடப்பதைப் பார். அவன் உன்னைக் கண்டதும் எழுந்துவரப் பார்ப்பான். நாய் கணக்கு வைத்துக்கொள்ளாது. நான் வைத்துக்கொள்வேன்.

உன் கோட்டு நைந்து நூலாகிவிட்டது. வாசனையும் போய்விட்டது போல, ராத்திரியில் மூக்கால் தேடுகிறான். வரும்போது பழையது ஒன்றைப் போட்டுக்கொண்டு வா. துவைக்காதே.

அக்கா